விடைக்குக் காத்திராத வினாக்கள்
(சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



‘கல்வியின் இன்றியமையாமை’ என்னும் பொருள் பற்றி உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அப்பொருள் பற்றி இதே கூடத்தில் நான் பலமுறை பேசியிருக்கின்றேன். நீங்களும் பொறுமையுடன் கேட்டிருக்கின்றீர்கள். கல்வி வேண்டுமா வேண்டாவா என்று ஐயுறுவோர் இன்று இக்கூடத்தில் எவருமிலர். ஆதலின் செயலாளரின் இசைவு பெற்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். மின்னஞ்சல் நிலையத்தோடு நம் கைக்கருவி எவ்வாறு உரையாடுகின்றது, அவ்வுரையாடலில் வீணாகும் காத்திருப்பை அறிஞர்கள் எவ்வாறு குறைத்தனர் என்பதே அப்பொருள்.

நான் வரலாறு பயின்றவன், கணிப்பொறியியல் பயின்றவனல்லன். இதனை எனக்குக் கற்பித்தவள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் வரலாறு பயின்ற மாணவி ஒருத்தி. நம் தெருப் பிள்ளை. இன்று சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுகின்றாள். பொங்கல் விடுமுறைக்கு வந்தவளிடம், “நீ அங்கே என்னம்மா வேலை செய்கின்றாய்?” என்று கேட்டேன். “செல்பேசியில் அஞ்சற்பெட்டி திறப்பதற்கு ஆகும் நேரத்தைக் குறைக்கின்றேன், ஐயா” என்றாள். “வேகமான இணைப்பு வாங்கிக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு ஓர் ஆள் எதற்கு?” என்றேன். அவள் சிரித்துவிட்டு, “ஐயா, உங்கள் கல்லூரி உதவித்தொகைக் கதையை எங்களுக்கு வகுப்பில் சொன்னீர்களே, நினைவிருக்கின்றதா?” என்றாள்.

அக்கதையை இளைஞர்கள் அறியமாட்டார்கள். நான் இளங்கலை முதலாண்டில் சேர்ந்தபோது, நம் மாணவர்க்குரிய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: வருமானச் சான்று இணைக்கப்படவில்லை. அதனை வாங்கி அனுப்பினேன். மீண்டும் மூன்று வாரம். சாதிச் சான்றின் படியில் சான்றொப்பம் இல்லை என்றார்கள். அதன்பின் முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்ப் படி. அதன்பின் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் தந்தையார் கைந்நாட்டு. நான்கு குறைகளும் முதல் நாளிலேயே அந்த விண்ணப்பத்தில் இருந்தவை. ஒவ்வொன்றாகவே சொன்னார்கள். என் விண்ணப்பத்தின்மீது அந்த அலுவலர் செலவிட்ட நேரம் முழுவதையும் கூட்டினால் ஒரு மணி தேறாது. ஆயினும் ஏழு மாதம் சென்றன. விடுதிக் கட்டணத்திற்காக என் தாயார் தோட்டை அடகு வைத்தார்கள், அது திரும்பவில்லை. உதவித்தொகை வந்தபோது தேர்வுக் கட்டணம் கட்டும் நாளும் கடந்திருந்தது. ஒரு பருவத் தேர்வை அடுத்த ஆண்டுதான் எழுதினேன்.

“செல்பேசியும் அப்படித்தான், ஐயா. வேலை கொஞ்சம், காத்திருப்பு மிகுதி” என்றாள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். நம் அஞ்சலைக் காத்துவைக்கும் கணிப்பொறி 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்காவில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வினா அங்கே போய் விடை இங்கே வர 28,000 கிலோமீட்டர், குறைந்தது 0.14 வினாடி. கண்ணிமைக்கும் நேரந்தான். ஆனால் நூறு கடிதங்களின் தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் காத்திருந்து அடுத்ததைக் கேட்டால் 14 வினாடி ஆகிவிடும். இணைப்பைப் பத்து மடங்கு அகலமாக்கினாலும் இந்தப் 14 வினாடி குறையாது. அகலத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். தூரத்தை வாங்க இயலாது. செயற்கைக்கோள் வழியாயின் நிலைமை இன்னும் கடினம். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஒரு வினாவும் விடையும் மேலேறி இறங்குவதற்கே அரை வினாடிக்கு அண்மையில் ஆகும்.

இதற்குத் தீர்வு யாது? நம் ஒட்டன்சத்திரம் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கேரளத்திற்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் முதல் லாரி இறக்கிவிட்டுத் திரும்பிய பின்னர்தான் இரண்டாம் லாரி புறப்பட வேண்டும் என்று ஒருவர் விதி செய்தால், அவரை வணிகர்கள் என்ன சொல்வார்கள்? லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அதுபோல, முதல் வினாவின் விடைக்குக் காத்திராமல் இரண்டாவதையும் மூன்றாவதையும் அனுப்பிக்கொண்டேயிருப்பதை ஆங்கிலத்தில் ‘பைப்லைனிங்’ என்கின்றனர். குழாயில் முன்சென்ற நீர் மறுமுனையில் விழுவதற்கு முன்பே பின்னீர் நுழைவதுபோல என்பது பொருள். நாம் ‘தொடரனுப்பு முறை’ என்று வைத்துக்கொள்வோம்.

மின்னஞ்சலை அணுகும் நெறிமுறைகளுள் ‘ஐமேப்’ என்பது தலையாயது. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பார் இதனை வகுத்தார். அவர் 2012-இல் மறைந்தார். ‘பாப்’ என்னும் இன்னொரு நெறிமுறையில் பெரும்பாலும் கடிதங்களை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவோம். ஐமேப் முறையிலோ கடிதங்கள் அஞ்சல் நிலையத்திலேயே இருக்கும். நாம் எந்த ஊரிலிருந்தும் எந்தக் கருவியிலிருந்தும் அவற்றைப் பார்க்கலாம், தேடலாம், அடுக்கலாம். வசதி பெரிது. ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் நிலையத்தைக் கேட்டாக வேண்டும். ஆகவே காத்திருப்பும் மிகுதி.

அதே 1986-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, மின்னணுத் துறையாலும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியாலும் தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்த முதல் நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 அன்று. நம் ஒன்றியத்திற்கு அது எப்போது வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்பின் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஓர் அடையாளக் குறி இடவேண்டும் என்று விதித்தார். ‘ஏ001 இன்ன பெட்டியைத் திற’, ‘ஏ002 இன்ன கடிதத்தைக் கொடு’ என்று நம் கருவி சொல்லும். வேலை முடிந்ததும் நிலையம் அதே குறியைச் சொல்லி ‘ஏ002 முடிந்தது’ என்று விடை கூறும். முன்பு பதிவுத்தபாலுடன் இணைத்தனுப்பிய ஒப்புகைச் சீட்டு நம்மிடமே திரும்பி வந்தது போன்றது இது. எந்த விடை எந்தக் கட்டளைக்கு என்ற குழப்பம் இல்லாததால் விடைகள் முறைமாறி வந்தாலும் தீங்கில்லை. தொடரனுப்பு முறைக்கான வாயில், அந்தச் சிறு குறியினால் திறந்து வைக்கப்பட்டிருந்தது.

அப்படியாயின் எல்லாக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடலாமே எனில், கூடாது. அஞ்சற்பெட்டியிலுள்ள கடிதங்களுக்கு 1, 2, 3 என வரிசை எண் உண்டு. ஐந்தாம் கடிதம் அழிக்கப்பட்டால் ஆறாவது ஐந்தாவதாகிவிடும். ஆசிரியப் பெருமக்களுக்கு இது எளிதில் விளங்கும். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் பெயர் நீங்கினால் பின்னுள்ளோர் எண்ணெல்லாம் மாறிவிடும். சேர்க்கைப் பதிவேட்டு எண்ணோ ஒருபோதும் மாறாது. ஐமேப்பிலும் அத்தகைய மாறா எண் ஒன்று உண்டு. ஆனால் வரிசை எண்ணைப் பயன்படுத்தும் கட்டளைகளைத் தொடரனுப்பும்போது, இடையில் ஒரு கடிதம் மறைந்தால், நாம் வேண்டாத கடிதத்தின்மீது நம் கட்டளை பாயும். ஆகவே ஒன்றன் விளைவு மற்றொன்றின் பொருளை மாற்றக்கூடுமாயின் காத்திருந்தே தீரவேண்டும் என்று நெறிமுறை ஆணையிடுகின்றது.

2003-இல் வெளியான 3501-ஆம் எண் ஆவணத்தில் இதற்குக் காட்டப்படும் சான்று என்னை வியக்கவைத்தது. ‘கொடு’ என்னும் கட்டளை, அடுத்து ‘ஒன்றும் செய்யாதே’ என்னும் கட்டளை, அடுத்துக் ‘குறியிடு’ என்னும் கட்டளை. இம்மூன்றையும் காத்திராமல் தொடர்ந்து அனுப்பலாகாது. குற்றவாளி எது தெரியுமா? நடுவிலிருக்கும் ‘ஒன்றும் செய்யாதே’! ‘கொடு’, ‘குறியிடு’ ஆகியவை வரிசை எண்ணோடு நடைபெறும்போது அழிவுச் செய்தியைச் சொல்லக்கூடாது என்று நிலையத்திற்குத் தடையுண்டு. ‘ஒன்றும் செய்யாதே’ என்னும்போதோ அத்தடை இல்லை. அவ்வேளையில் நிலையம் ‘ஐந்தாம் கடிதம் போய்விட்டது’ என்று சொல்லலாம். எண்கள் நகர்ந்துவிடும். பின்வரும் குறி தவறான கடிதத்தில் விழும். ஒரு பாவமும் அறியாததுபோல் இருக்கும் கட்டளையிடம் இத்தனை எச்சரிக்கை தேவைப்படுகின்றது.

எந்தக் காத்திருப்பு தேவையானது, எது தேவையற்றது என்று பிரித்தறிவதே இவ்வடிவமைப்பின் உயிர்நிலை. பின்னர் வந்த நீட்டிப்புகள் யாவும் இந்தப் பிரித்தறிதலின் விளைவுகளே. அவற்றுள் இரண்டை மட்டும் கூறுகின்றேன்.

முதலாவது, நீண்ட பொருளை அனுப்புவது பற்றியது. பழைய விதிப்படி நம் கருவி, ‘இத்தனை எழுத்தளவுள்ள பொருள் வருகின்றது’ என்று சொல்லிவிட்டு நிற்கவேண்டும். நிலையம் ‘+’ என்னும் குறியைக் காட்டி ‘கொண்டு வா’ என்ற பின்னர்தான் அனுப்பலாம். மூட்டையை வாயிலில் வைத்துவிட்டு உள்ளேயிருந்து குரல் வரும்வரை நிற்பது போல. மூன்றெழுத்துப் பொருளாயினும் இதே நிற்றல். 1997 ஜனவரியில் ஜான் மையர்ஸ் என்பார் எழுதிய 2088-ஆம் எண் ஆவணம் இதனை மாற்றியது. அளவைச் சொல்லும்போதே கருவி ஒரு ‘+’ சேர்த்துவிட்டால், கேட்காமலே உள்ளே கொண்டுசெல்லலாம். ஒரு குறி இடம் மாறியது, ஒரு காத்திருப்பு ஒழிந்தது.

ஆனால் இதிலும் ஓர் இடர். இடமில்லாத அளவுக்குப் பெரிய மூட்டையாயின், முன்பு வாயிலிலேயே ‘வேண்டா’ எனலாம். இப்போதோ முழுவதையும் வாங்கியபின்தான் மறுக்க முடியும். இன்றேல் இணைப்பையே துண்டிக்க வேண்டும். ஆகவே 2016-இல் 7888-ஆம் எண் ஆவணம் ஓர் எல்லையிட்ட வகையையும் சேர்த்தது: 4096 எண்ணெழுத்து அளவுவரை கேட்காமல் வரலாம், அதற்கு மேற்பட்டால் கேட்டு வா. பத்தொன்பது ஆண்டு பயன்பாட்டில் கண்ட இடரைத் திருத்திக்கொண்டார்கள். எழுதியது வேதம் என்று இருந்துவிடவில்லை.

இரண்டாவது நீட்டிப்பைத்தான் என் மாணவி மிகவும் விரும்பிச் சொன்னாள். ‘தலைவரிடமிருந்து வந்த, நான் படிக்காத கடிதங்களைத் தேடு’ என்று கேட்கின்றோம். நிலையம் ‘3, 8, 21’ என்று எண்களைத் தருகின்றது. பின்னர் நாம் ‘3, 8, 21 ஆகியவற்றைக் கொடு’ என்கின்றோம். இங்கே இரண்டாம் வினா முதல் விடையைச் சார்ந்தது. காத்திருப்பு தவிர்க்கமுடியாதது என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அந்த விடை எங்கே பிறக்கின்றது? நிலையத்தில். எங்கே பயன்படப் போகின்றது? அதே நிலையத்தில். இடையில் நம்மிடம் ஒருமுறை வந்துபோவது எதற்கு? 2008-இல் அலெக்சி மெல்னிகோவ் எழுதிய 5182-ஆம் எண் ஆவணம் இக்கேள்விக்கு விடை தந்தது. ‘தேடிக் கிடைப்பதை அங்கேயே வைத்துக்கொள்’ என்பது முதற்கட்டளை. ‘வைத்துக்கொண்டதைக் கொடு’ என்பது அடுத்தது. வைத்துக்கொண்டதற்குப் பெயர் ‘$’ என்னும் ஒற்றைக் குறி. இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடலாம்.

தேடுதலை நிலையம் மறுத்துவிட்டால்? ‘$’ என்னும் பை வெறுமையாகிவிட வேண்டும் என்று விதித்தார்கள். முன்பு வைத்திருந்தது அப்படியே இருந்துவிட்டால், பின்னால் ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட ‘அழி’ என்னும் கட்டளை பழைய பட்டியலின்மீது பாய்ந்துவிடுமன்றோ? கட்டளை கையைவிட்டுப் போனபின் திரும்ப அழைக்க முடியாது. ஆதலால் தோல்வி நேரும்போது என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எண்ணி வைத்தார்கள். என் விண்ணப்பத்தை நினைத்துக்கொண்டேன். வட்டாட்சியர் அலுவலகம் தரும் சான்றை நான் வாங்கி, இன்னோர் அலுவலகத்திற்கு நானே சுமந்து செல்லாமல், ‘அவர்கள் தருவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே தாளில் எழுத முடிந்திருந்தால்!

இவ்விரண்டும், அஃதாவது எல்லையிட்ட வகையும் ‘$’ முறையும், 2021 ஆகஸ்டில் வெளியான 9051-ஆம் எண் ஆவணத்தில் நெறிமுறையின் உறுப்பாகவே சேர்க்கப்பட்டுவிட்டன. அதற்கு முன்பு அவை நீட்டிப்புகளாக இருந்த காலத்தில், ‘எனக்கு இன்னின்ன தெரியும்’ என்று நிலையம் தன் திறப்பட்டியலில் அறிவித்திருந்தால் மட்டுமே கருவி அவற்றைப் பயன்படுத்தலாம். பழைய நிலையம் பழையபடியே இயங்கும். புதியது வந்ததனால் அதன் வாயில் அடைபடாது.

காத்திராமல் விரைவதில் வேறு கேடுகளும் உண்டு. கருவி விடைகளைப் படிக்காமல் கட்டளைகளை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால், நிலையத்தின் விடைகள் வழியில் தேங்கி, நிலையம் எழுத இடமின்றி நிற்கும், நின்றதால் கட்டளைகளை வாங்காது, கருவியும் நிற்கும். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகள்போல இருவரும் அசையார். ஆகவே அனுப்பும்போதே படித்துக்கொண்டும் இருக்கவேண்டும்.

இன்னொன்று களவு. உரையாடலை இடையில் மறைமொழிக்கு மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அதற்குப் பின்னால், மறைமொழி தொடங்குவதற்கு முன்பே, கள்வன் தன் கட்டளையைத் தொடரனுப்பாகச் செருகிவிட்டால், சில மென்பொருள்கள் அதனை வாங்கி வைத்திருந்து, மறைமொழி தொடங்கியபின் நம்பிக்கைக்குரிய கட்டளையாக எண்ணி நிறைவேற்றிவிட்டன. அஞ்சலை அனுப்பும் நெறிமுறையில் இக்குறையை 2011-இல் வீட்சே வெனிமா என்னும் அறிஞர் தாம் இயற்றிய போஸ்ட்பிக்ஸ் மென்பொருளிலேயே கண்டு, தாமே உலகறிய வெளியிட்டார். தம் குறையைத் தாமே அறிவிக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த ஆவணங்களைப் பற்றி இளைஞர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். இவற்றை ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘ஆர்எஃப்சி’ என்பர். ‘கருத்துரை வேண்டல்’ என்பது பொருள். முதலாவது வெளியான நாள் 1969 ஏப்ரல் 7. எழுதியவர் ஸ்டீவ் கிராக்கர். அன்று அவர் கலிபோர்னியாவில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர். ஆணையிடும் தோரணை வந்துவிடக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு பணிவான தலைப்பை இட்டார்கள். அன்றுமுதல் இன்றுவரை இவ்வரிசையில் ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளிவந்துவிட்டன. எதனையும் எவரும் காசு கொடாமல் படிக்கலாம். இவற்றை உருவாக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுவில் உறுப்பினர் என்ற ஏற்பாடே இல்லை; கருத்துள்ளவர் மின்னஞ்சல் வழியே கருத்துச் சொல்லலாம், வரைவு எழுதி இடலாம்.

ஏட்டைத் தொடவே நம் முன்னோர்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த நாட்டில் பிறந்தவன் நான். ஆதலால் இச்செய்தியை என்னால் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. “உண்மையாகவே யாரும் எழுதலாமா அம்மா?” என்று இருமுறை கேட்டேன். அவள் ஓர் ஆவணத்தில் ஒரு வாக்கியம் இருபொருள் படுவதாகக் கண்டு வினா எழுதியிருக்கின்றாள். மூன்றாம் நாள் விடை வந்தது. எந்தக் கல்லூரி, எந்த ஊர், யாருடைய மகள் என்று அதில் ஒன்றும் கேட்கப்படவில்லை. வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார்களாம். அதே வேளையில், அம்மேடைகளில் செல்வ நாடுகளின் பெரிய நிறுவனங்களைச் சார்ந்தோரே மிகுதி என்பதையும், நேரில் கூடும் கூட்டங்களுக்குச் சென்றுவரப் பெருஞ்செலவாகும் என்பதையும் அவளே சொன்னாள். வாயில் திறந்திருக்கின்றது, வழிச்செலவு நம்முடையது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐமேப்போடு கதை முடிந்துவிடவுமில்லை. 2019-இல் ‘ஜேமேப்’ என்னும் புதிய நெறிமுறை 8620-ஆம் எண் ஆவணமாக வந்தது. பல வினாக்களை ஒரே உறையிலிட்டு, ‘முதல் வினாவின் விடையை மூன்றாம் வினாவில் பயன்படுத்து’ என்று எழுதும் வசதி அதில் பிறப்பிலேயே அமைந்துள்ளது. ‘$’ என்னும் சிறு பையில் தொடங்கிய எண்ணம் அங்கே பொதுவிதியாகிவிட்டது. ஆயினும் உலகின் மிகப் பல அஞ்சல் நிலையங்கள் ஐமேப்பையே பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு பேசுவதற்கு ஆட்கள் தேவைப்படுகின்றார்கள்.

பழனிச் சாலையில் பேருந்தில் போகும்போது இருபுறமும் பொறியியற் கல்லூரிகளைப் பார்க்கின்றோம். நம் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றார்கள். பட்டம் பெற்றபின் ‘இன்ன மொழியில் நிரல் எழுதத் தெரியும்’ என்று சொல்கின்றார்கள். ‘இன்ன நெறிமுறையின் ஆவணத்தை முதலிலிருந்து முடிவுவரை படித்திருக்கின்றேன்’ என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை காணவில்லை. 3501-ஆம் ஆவணம் 108 பக்கம். வரலாறு படித்த நானே அகராதியை வைத்துக்கொண்டு நாற்பது நாளில் முடித்தேன், பாதி விளங்கவில்லை. விளங்காத பாதியைக் கேட்டு அறியத்தான் அவளுக்கு ஞாயிறுதோறும் தொல்லை கொடுத்தேன்.

நான் இங்கு குறிப்பிட்ட 2088, 3501, 5182, 7888, 9051 ஆகிய ஐந்து ஆவணங்களையும் அச்செடுத்துக் கட்டி, சங்க நூலகத்திற்கு இன்று ஒப்படைத்திருக்கின்றேன். சங்கத்துக் கணிப்பொறியிலேயே ஒரு சிறிய அஞ்சல் நிலையத்தை நிறுவிவைப்பதாக அம்மாணவி ஒப்புக்கொண்டுள்ளாள். அதனோடு கட்டளைகளைக் கையாலேயே தட்டச்சிட்டு உரையாடிப் பார்க்கலாம். எவருடைய கடிதத்திற்கும் கேடு வராது. சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு. வருவோர், ‘கொடு’, ‘ஒன்றும் செய்யாதே’, ‘குறியிடு’ என்னும் மூன்று கட்டளைகளையும் காத்திராமல் அனுப்புவதற்கு ஏற்ற வகையில் எவ்வாறு மாற்றி எழுதலாம் என்று வீட்டிலேயே எண்ணிக்கொண்டு வாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டு எண்ணை மறந்துவிடாதீர்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் நூலகரிடம் கொடுக்கலாம்; எந்தச் சான்றின் படியும் இணைக்க வேண்டியதில்லை.